அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய ஜில்லா

கல்யாணப் பந்தியில் ஒரு பக்கம் ஸ்பீக்கர் அலறுகிறது, இன்னொரு பக்கம் சாம்பார் வாளி இடிபடுகிறது, அந்த நேரத்தில் எதிர் இலைக்காரர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா? ஒருபோதும் இல்லை, எப்பவாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும். ஐந்தில் ஒன்றைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதீர்கள். நான் தலையாட்டுவேன் என்று என் முகத்தையும் பார்க்காதீர்கள்.

முழிக்கிறீர்கள் அல்லவா? இந்த மாதிரிக் கேள்விகளை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் ஜில்லா முழுக்கத் திரிந்தவள் நான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வயது இருபத்தேழு. சிரிக்க வேண்டாம். திட்டம் முடிந்தது, சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், "நல்லா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்குப் பெயர் ரிட்டயர்மென்ட் இல்லையென்றால் வேறென்ன?

எங்களுக்குப் பின்னால் வந்திருக்கும் ஜூனியர் பிள்ளைகள் ஸ்கூட்டியை எல்லாம் தொடுவதில்லை. போனுக்கு லிங்க் அனுப்புகிறார்கள், சிரித்த முகம், அழுத முகம் என்று ஐந்து மஞ்சள் மூஞ்சிகள் வருகின்றன, அமுக்கினால் முடிந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, "அக்கா, நீங்க நேர்ல போய்க் கேட்டப்ப எப்படி இருந்துச்சு? எங்க குரூப்புக்கு எழுதித் தாங்களேன்" என்றாள். நேரம்தான் நிறைய இருக்கிறதே. எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு வருடம் காதைப் பற்றிப் படித்தேன். அதில் பாதி நாள் காதின் படம் வரைந்தேன். முடித்ததும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தேன். வேலை இதுதான்: காது முழுவதுமாகப் போய், ஆபரேஷன் செய்து, காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட பெரியவர்களைத் தேடிப் போக வேண்டும். மண்டைக்குள் சன்னமாக ஒரு கம்பி. வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து ஒரு வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். மெஷின் சத்தத்தைப் பிடித்து உள்ளே அனுப்பும். மெஷின் இல்லாவிட்டால் பழையபடி நிசப்தம். இது கேட்க வைக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார்கள். கேட்டு என்ன ஆயிற்று, வாழ்க்கை முன்னைவிடப் பரவாயில்லையா என்று அளப்பதற்குத்தான் நாங்கள். வாழ்க்கைத்தரம் அளப்பது. சொல்லும்போதே ஒரு கெத்து இருக்கிறது இல்லையா? வீட்டில் என் அம்மா மட்டும், "அளக்குறதுதான் அளக்குற, இங்கனயும் கொஞ்சம் அளந்துட்டுப் போ" என்பார்.

எங்கள் தலைவி கோமதி மேடம். மதுரைக்காரர். காது மருத்துவத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் எப்போதும் ஒரு வளையம் இருக்கும். எம்ப்ராய்டரி போடுகிற மரவளையத்தில் கறுப்புத் துணி இழுத்துக் கட்டியது. காது சோதிக்கும்போது அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். சத்தம் துணி வழியாகப் போகும், உதடு தெரியாது. உதட்டைப் பார்த்துச் சமாளிப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் அப்படிப் பேசிப் பேசி மேடத்துக்குக் கை தானாகவே மேலே போய்விடும். டீ சொல்லும்போதும் வளையம். போனில் பேசும்போதும் வளையம். எங்களைத் திட்டும்போது கட்டாயம் வளையம். கண் மட்டும் தெரியும். கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து மெதுவாக, மரியாதையாக, எலும்பு வரைக்கும் இறங்குகிற மாதிரி ஒரு குரல் வரும். சத்தம் போட்டுத் திட்டுபவர்களிடம் நான் பயந்ததே இல்லை. இந்த வளையத்தை நினைத்தால் இப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கேள்வி கேட்பதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். கை எட்டும் தூரத்தில் எதிரே உட்கார வேண்டும். வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும். கேள்வியை ஒருமுறை நிதானமாகச் சொல்லி, ஐந்து பதில்களும் எழுதிய அட்டையை நீட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நல்ல பதில் வந்தால் சிரிக்கக் கூடாது, மோசமான பதில் வந்தால் உச்சுக்கொட்டக் கூடாது. முக்கியமாகத் தலையாட்டக் கூடாது.

"பதில் அவங்களோடது. நீ தலையாட்டினா அது உன்னோடது ஆயிடும்" என்பார்.

தலையாட்டாமல் ஒருத்தர் பேச்சைக் கேட்க தமிழ்நாட்டில் யாரால் முடியும்? முதல் வாரம் முழுக்கக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அடுத்த விதி, கூட வந்தவர் பதில் சொல்லக் கூடாது. இதை எழுதியவர் யாராக இருந்தாலும் ஒருநாள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்க்க வேண்டும். ஸ்கூட்டியை நிறுத்தினால் தெருவே கூடிவிடும். திருவாடானைப் பக்கம் ஒரு விவசாயி. அவரிடம், "யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் தெரிகிறதா?" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் மனைவி, மச்சான், பக்கத்து வீட்டு அம்மா, பால் ஊற்ற வந்தவர் எல்லோரும் பதில் சொன்னார்கள். பால்காரர், "தெரியும் தெரியும், நாங்கூட நேத்து கூப்புட்டேன்ல" என்றார். விவசாயி அவரைத் திரும்பிப் பார்த்து, "எப்பய்யா கூப்புட்ட?" என்றார்.

கேள்விகளும் எங்கோ ஏசி அறையில் பிறந்தவை. "தெருவில் வாகனங்கள் வரும் ஓசை கேட்கிறதா?" "எங்க தெருவுல எதுவும் வராதே தங்கச்சி, நீதான் வந்துருக்க." "இசையை ரசிக்க முடிகிறதா?" இதற்குச் சாயல்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளி முனியசாமி அண்ணன் சொன்ன பதில்தான் பதில்: "கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டுனா நான் மெஷினக் கழட்டிப் பையில போட்டுக்கிருவேன். ராத்திரி பூரா நிம்மதியாத் தூங்குவேன். முழுக் காது உள்ளவன் பாவம், என்ன செய்வான்?" அட்டையில் அதற்கு இடமே இல்லை.

இப்படிச் சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு மதுரைக்குப் போனால், மேடம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வளையம் மேலே போனது.

"உலகத்துலயே சந்தோஷமான ஊரு ராம்நாடுதான் போல."

நான் பெருமையாகச் சிரித்தேன். என் ஜில்லா அல்லவா.

"தண்ணி லாரி வரலைன்னு ரோட்டுல குடத்தோட உக்காந்திருக்காங்க. நேத்து பேப்பர்ல போட்டோ. அதுல ரெண்டு பேரு நம்ம ஆளுங்க. ஆனா எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் அஞ்சுக்கு அஞ்சு. எல்லாத்துக்கும் 'எப்போதும்'."

"நல்ல ஆபரேஷன் மேடம்."

"சரி. கடைசிக் கேள்வி என்ன?"

சொன்னேன். 'ஒரு நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் கவனித்த பிறகு நீங்கள் களைத்துப் போகிறீர்களா?' அந்தக் கேள்வி மட்டும் தலைகீழ். அதற்கு 'எப்போதும்' என்று சொன்னால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"அதுக்கும் எல்லாரும் 'எப்போதும்'" என்றது கறுப்புத் துணி. "நல்லா கேக்குது, நல்லா புரியுது, போன்ல பேசுறாங்க, பாட்டு கேக்குறாங்க, ஆனா ஜில்லாவே எப்போதும் களைச்சுப் போயிருக்கு. இவங்க கேள்விக்குப் பதில் சொல்லலை. யாரோ சொன்ன பதிலச் சொல்றாங்க."

அப்படித்தான் புது விதி வந்தது. கேள்வி முடிந்ததும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வார்த்தைகள் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு வளையம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, ஒத்திகையை விட்டால், நான் முதலில் போனது பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்கு.

பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர் தேவிபட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி. அதற்கு மேல் கேட்காதீர்கள். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. மிளகாய்க் கொல்லையில் கூலி வேலை. அந்த வருடங்களில் ஊரில் அவருக்குப் பெயரே கிடையாது. "செவிடி" தான். சோற்றுக்குக் கூப்பிடவும் அதே, கேலிக்கும் அதே. இம்ப்ளாண்ட் வைத்து, நன்றாகக் கேட்கத் தொடங்கி, எட்டாம் வகுப்பு படித்தவர் என்பதால் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்கு அவரையே மேட் ஆக்கினார்கள். ஆஜர் எடுப்பதும், யாருக்கு எந்த இடத்தில் மண் வெட்டு என்று சொல்வதும் மேட் வேலை. அன்றிலிருந்து சின்னவர்களுக்கு "மேட் அக்கா", பெரியவர்களுக்கு "பஞ்சவர்ணம்". சேலை கட்டும் விதமே மாறியது என்பார்கள். நான் முதல்முறை போனபோது அவர் என்னிடம் சொன்ன ஒரே விஷயம் அதுதான்: "இப்ப என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுறாக தங்கச்சி."

இந்த முறை போனபோது வைகாசி. கண்மாயில் வேலை நடந்துகொண்டிருந்தது. மதிய ஆஜர். பாதிப் பேர் காலையில் ஆஜர் போட்டோவுக்கு நின்றுவிட்டு ஆட்டைப் பார்க்கவோ தூங்கவோ நழுவுவதும், மதியம் பெயர் கூப்பிடும்போது பின்னாலிருந்து யாராவது அவர்களுக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்வதும் எல்லா ஊரிலும் நடப்பது. இங்கே வேறு மாதிரி இருந்தது. எல்லோரும் அக்காவுக்கு முன்னால் பிறைவட்டமாக நின்றார்கள். அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார்.

வேலுச்சாமி என்று ஒரு பெரியவர், ஆடு வளர்ப்பவர், என்னைப் பார்த்ததும் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"நீதான் அந்த மெஷின் டாக்டரா?"

"டாக்டர் இல்லைங்கய்யா. கேள்வி கேக்க வந்திருக்கேன்."

"அப்ப எங்கள்ட்டயும் கேளு. அவளுக்கு வாழ்க்கை நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் நாசமாப் போச்சு. முன்னாடி எல்லாம் தங்கமான மனுசி. மாசியில இருந்து கண்கொத்திப் பாம்பு. வாயைப் பாக்காம ஆஜர் போட மாட்டேங்கிறா. என் ஆடெல்லாம் அடுத்தவன் கொல்லையில மேயுது."

"ஏன் அப்படி மாறிட்டாங்க?"

பெரியவர் கண்மாயைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனோம். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். கேள்விகள் மளமளவென்று முடிந்தன. எல்லாம் 'எப்போதும்'. நடுவில் நாட்டு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார். சதையைவிட நார் ஜாஸ்தி. வேண்டாம் என்றால் விட மாட்டார்கள், தின்றேன்.

பிறகு வளையத்தை எடுத்தேன். "நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க அக்கா." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். வளையத்தை வாய்க்கு முன்னால் கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல்லில் மாம்பழ நார். துணிக்குப் பின்னால்தானே என்று நாக்கால் அதைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

"பானை" என்றார் அக்கா.

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வளையத்தை லேசாக இறக்கி மறுபடி ஏற்றினேன். வாய் திறக்கவில்லை.

"கதவு."

மறுபடி இறக்கி ஏற்றினேன்.

"மாடு."

"சட்டை."

"தேங்காய்."

முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. நான் சொல்ல வேண்டிய பட்டியலில் இருந்த அதே வார்த்தைகள், அதே வரிசை. ஒன்றுகூடப் பிசகவில்லை. என் சர்வீஸில் நான் சொல்லாமலேயே முழு மார்க் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

வளையத்தைக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு பார்வைதான். சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"நீ ஒண்ணுமே சொல்லலையா தங்கச்சி?"

இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டக் கூடாது என்ற விதி அதற்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

மெஷினுக்குத் தூசி படாமல் இருக்கப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அதை விலக்கிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. செத்துப்போன மெஷின்.

அக்கா எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். நான் கேட்க வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டினேன், அவர் வாசித்துவிட்டுப் பேசினார். மாசியில் கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருக்கிறது. ராமேஸ்வரம் கூட்டிப் போயிருக்கிறார். கிணறு கிணறாக வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"கழட்டிப் பையில வச்சா பையை யாரு பாத்துக்கிருவா? அதுவும் போக, தீர்த்தம் தான? சாமி தண்ணி. அது என்ன செய்யும்னு நெனச்சேன். ரெண்டாவது கெணத்துலயே அமந்து போச்சு."

'அப்புறம் என்ன செஞ்சீங்க?'

"வீட்டுக்கு வந்து காய வச்சேன்."

'எங்க?'

"களத்துல. மொளகா காயுற எடத்துல. அங்கனதான நல்ல வெயிலு."

குண்டு மிளகாய் பரப்பிய களத்தில், வத்தலோடு வத்தலாக, அவ்வளவு விலை உயர்ந்த மெஷினைக் காய வைத்திருக்கிறார். சாயந்திரம் வத்தலை அள்ளும்போது அதுவும் சாக்குக்குள் போய், மறுநாள் சாக்கைக் கொட்டித் தேடி எடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், 'ஏன் சொல்லலை?' என்று தட்டினேன்.

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். ஜில்லாவில் இம்ப்ளாண்ட் வைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குரூப். அட்மின் நம்ம உப்பள முனியசாமி அண்ணன். அதில் அவர் போட்டிருந்தார்: "கேள்வி கேக்க ஒரு புள்ள வருது. எல்லாத்துக்கும் எப்போதும்னு சொல்லுங்க. கம்மியாச் சொன்னா மெஷினப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாக." அதற்குக் கீழே அறுபது கும்பிடு. அதற்கும் கீழே, முந்தின நாள் தேதியில், என் ஐந்து வார்த்தைகளும். முந்தின நாள் மண்டபம் ஊரில் இம்ப்ளாண்ட் வைத்த ஒருவரிடம்தான் அந்த வார்த்தைகளை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரே ராத்திரி. கேள்வித்தாள் அவுட்.

'மெஷினை யாரும் புடுங்க மாட்டாங்க. சொன்னா சரி பண்ணித் தருவாங்க' என்று காட்டினேன்.

"அதுக்குக் கழட்டிக் குடுக்கணும்ல? எத்தன நாளு ஆகும்?"

'சில வாரம்.'

"அத்தன நாளும் வெறுங்காதோட கண்மாய்க்குப் போவனா? ஊரு பூரா தெரிஞ்சுரும். மேட் வேலைய எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருவாக. மறுபடி நான் செவிடி. வேணாம் தங்கச்சி. நான் வாயப் பாத்தே ஓட்டிக்கிருவேன். நீ எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்க."

அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் குரல் வரும் தினுசிலேயே தெரிந்தது, வளையம் மேலே இருக்கிறது. விஷயம் அவர் சொன்ன பிறகு இன்னும் மோசமாகத் தெரிந்தது. கேட்காமல் விட விட, கேட்டுப் பழகிய பழக்கம் தேய்ந்துபோகும். கம்பெனி இலவசமாகச் சரி செய்து தரும் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்கப்புறம் அந்தச் செலவை அக்கா வீடு தாங்காது. கொடுத்து வைக்க மாற்று மெஷின் எங்களிடமும் இல்லை. இந்த மாதத்துக்குள் அவர் கழற்றிக் கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் அவ்வளவுதான்.

"மேடம், ஒரு ஐடியா. அந்தத் துணி உறைக்குள்ள ஒரு சோப்புத் துண்டு, பர்ஸ்ல இருக்கிற காந்தம் ஒண்ணு வச்சு ஒட்டிட்டா, மெஷின் இருக்கிற மாதிரியே..."

"நீ வாழ்க்கைத்தரம் அளக்கப் போனியா, மாறுவேடப் போட்டி நடத்தப் போனியா?"

"அப்ப நாமளே அக்காவோட வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடலாமா?"

"கூடாது. 'கேக்கல'ன்னு அவங்க வாயால சொல்லணும். அவங்க சம்மதிச்சுக் குடுக்கணும். நாளைக்கு நான் வாரேன்."

மறுநாள் மேடம் காரில் வந்து கண்மாய்க்கரையில் இறங்கினார். எங்கள் கெட்ட நேரம், அன்றைக்குக் குழி அளக்க ஓவர்சியரும் வந்திருந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்குள் நின்றார். மேட் யாராக இருக்க வேண்டும் என்று ஆபீஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிற ஆள் அவர்தான். அவரைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை இழுத்து மெஷினை இன்னும் மூடிக்கொண்டார்.

ஆட்களை விட்டுத் தள்ளி, கருவேல மரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேடம் வளையத்தை எடுத்தார். எடுத்தவர், அதைப் பார்த்துவிட்டு மடியில் வைத்தார். ஒரு தாளில் கடைசிக் கேள்வியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி அக்காவிடம் நீட்டினார். 'ஒரு நாள் முழுக்க மற்றவர்கள் பேச்சைக் கவனித்த பிறகு நீங்கள் களைத்துப் போகிறீர்களா?' கூடவே ஐந்து பதில் அட்டை.

பிறகு காத்திருந்தார். மேடம் காத்திருப்பதைப் பார்க்க வேண்டும். தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. அக்கா கேள்வியை வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்மாய்க்குள் நிற்கும் அத்தனை வாய்களையும் ஒருமுறை பார்த்தார். மாசியிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த வாய்களை ஒன்றுவிடாமல் படித்தவர்.

"எப்போதும்" என்றார்.

ஜில்லா முழுக்க எல்லோரும் சொன்ன அதே பதில். அதை உண்மையாகச் சொன்னவர் அவர்தான்.

மேடம் இன்னும் காத்திருந்தார். அக்கா ஓவர்சியர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, என் காதோடு காதாக ரகசியம் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம். தன் குரல் தனக்குக் கேட்காதவர்களுக்கு ரகசியம் பேச வராது. எவ்வளவு சத்தம் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

"தங்கச்சி, எனக்குச் சுத்தமாக் கேக்கல! மூணு மாசமா ஒண்ணுமே கேக்கல! இந்தக் கட்டையில போறவங்களுக்குத் தெரிஞ்சா என்னைய மறுபடி செவிடிம்பாங்க! யார்ட்டயும் சொல்லிராத!"

கருவேல மரத்து மைனாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு நிமிர்ந்து பார்த்தது. கண்மாய்க்குள் ஒரு மண்வெட்டி அசையவில்லை.

ஓவர்சியர் டேப்போடு நிமிர்ந்தார். "என்ன சத்தம் அது?"

வேலுச்சாமி பெரியவர் நிதானமாகக் குனிந்து மண்ணை வெட்டினார். "என்ன சத்தம் சார்? ஏலே, யாருக்காச்சும் ஏதும் கேட்டுச்சா?"

"இல்லையே."

"எனக்குக் கேக்கல."

"ஒண்ணும் கேக்கலையே."

ராக்காயி என்று ஒரு அம்மா, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "இங்கன காத்து ஜாஸ்தி சார். மனுசன் பேசுறது எங்க கேக்குது?" என்றார். அன்றைக்கு ஒரு இலை ஆடவில்லை.

ஓவர்சியர் அந்த அம்மாவைப் பார்த்தார். கருவேல மரத்தைப் பார்த்தார். குனிந்த தலைகளை எல்லாம் பார்த்தார். கடைசியில், "எனக்கும் ஒண்ணும் கேக்கல. டேப்பை இழுத்துப் புடிய்யா" என்றார்.

அக்காவுக்குச் சத்தம்தான் தெரியாது, முகம் தெரியும். இத்தனை பேர் இவ்வளவு சிரத்தையாக மண் வெட்டி அவர் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து, மறுபடி ரகசியமாக, "கேட்டுருச்சா தங்கச்சி?" என்றார். அதுவும் எதிர்க்கரை வரைக்கும் போனது. அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா கண்மாய்க்குள் இருந்த வாய்களை ஒருமுறை படித்தார். ஒரு வாயிலும் 'செவிடி' இல்லை. பிறகு தலைப்பை விலக்கி, மெஷினைக் கழற்றி, உறையோடு மேடத்தின் உள்ளங்கையில் வைத்தார். மேடம் உறையை உருவி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்த்தார். அடுத்த நொடி, மிளகாய் நெடியில் தும்மல். ஒன்று, இன்னொன்று, நிற்கவே இல்லை. கண்ணில் நீர் கொட்டியது. வளையத்தைத் தேடினார், அது எங்கோ உருண்டு போயிருந்தது. வாயை மறைக்க ஒன்றுமில்லாமல் மேடத்தின் முழு முகத்தையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வேலுச்சாமி பெரியவரிடம் கேட்டேன். "உங்களுக்கெல்லாம் எப்போ தெரியும்?"

"மாசியிலயே. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், அவ திரும்பல. நாந்தான் ஓடிப்போய் இழுத்து விட்டேன். மாடு முட்ட வந்துச்சுன்னு பொய் சொன்னேன்."

"பின்ன ஏன் யாரும் சொல்லலை?"

"சொன்னா அவ போயிருவா. அடுத்து யாரு வருவா? கோட்டைச்சாமி பொண்டாட்டி. அவளுக்குக் காதும் கேக்கும், நாக்கும் நீளம். எங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?" கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் போக, அவ முகத்துக்கு நேரா நின்னு பேசுனா என்ன, கொறஞ்சா போயிருவோம்? நீ போய் உன் வேலையப் பாரு" என்றார்.

அக்கா வெறுங்காதோடு கண்மாய்க்குள் இறங்கினார். மதிய ஆஜர் நேரம். யாரும் சொல்லாமலேயே பிறைவட்டம் கூடியது.

அந்த மாதக் கடைசிக்குள் மெஷினைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். அனுப்பிய கையோடு எங்கள் திட்டமும் முடிந்தது.

மெஷின் இன்னும் திரும்பி வரவில்லை. பஞ்சவர்ணம் அக்காதான் மேட்.